யாத்திரையா? விசாரணையா?

1934 அக்டோபரில் சீனச் செஞ்சேனையினர் சுமார் 86,000 பேர் தெற்கேயிருந்து நடக்கத் தொடங்கினார்கள். ஓராண்டு கழித்து வடக்கே ஷென்சி போய்ச் சேர்ந்தவர்களோ சுமார் 8,000 பேர்தான். இதற்கு நெடும்பயணம் என்று பெயர்.

2002-இல் லூ ஜியே, சியூ ஜிஜியே ஆகியோர் கலைஞர் பலரைச் சேர்த்துக்கொண்டு, அதே பெயரோடு அதே வழியில் போனார்கள். 20 இடங்களுக்குத் திட்டமிட்டு, 12-ஆவது இடமாகிய லூடிங் பாலத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

இதை க்ஷேத்திர யாத்திரை என்று எண்ணிவிடக் கூடாது. யாத்திரைக்காரன் கும்பிடப் போகிறான். இவர்களோ கண்காட்சிச் சாலைக்குள் அடைபட்ட கலையைப் பாமர மக்களிடம் கொண்டுபோய், புரட்சி என்னவாயிற்று என்று விசாரிக்கப் போனார்கள். இதுவல்லவா புரட்சிக்குச் செய்யும் மரியாதை?

ஆனால் அந்நாட்டு அரசாங்கத்தாரின் மரியாதை வேறு. மாவோ மண்டியிட்டு வருந்துவதாக 2009-இல் தம் சகோதரரோடு சிலை செய்த காவ் சென், 2024 ஆகஸ்டில் கைது செய்யப்பட்டார். வீரர்களை இழிவுபடுத்தினால் 3 ஆண்டுவரை சிறை என்ற சட்டமோ 2021-இல்தான் வந்தது!

தோழர்களே! விக்கிரகத்தைக் குறை சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்பதற்கும் இதற்கும் என்ன பேதம்? சாமி இருந்த பீடத்தில் தலைவரை வைத்துக் கும்பிடுவதானால், புரட்சி எதற்கு?