இழுப்பு வந்தா ரெண்டு பஃப்... அது மட்டும் போதுமா? மூச்சுக்குழாய்க்குள் நடப்பது என்ன?

2024 அக்டோபரில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 8 மருந்துகளின் உச்சவரம்பு விலையை 50% உயர்த்தியது. அந்தப் பட்டியலில் சால்பூட்டமால் மாத்திரையும், நெபுலைசரில் ஊற்றும் சால்பூட்டமால் கரைசலும் இருந்தன. வீசிங் என்று போனால் பெரும்பாலும் முதலில் எழுதித் தரும் அதே மருந்துதான். விலை ஏறியதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆஸ்துமா உள்ளவர் இந்த ஒரு மருந்தை மட்டும் நம்பி இருக்கலாமா என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி.

ஏன் பெரிய கேள்வி? உலகில் ஆஸ்துமா உள்ளவர்களில் சுமார் 13% பேர் இந்தியாவில் இருக்கிறார்கள். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 42%க்கும் மேல் இங்கேதான் என்கிறது உலகளாவிய நோய்ச்சுமை ஆய்வு. மருந்தே இல்லாத நோய் என்றால் பரவாயில்லை, மருந்து இருக்கிறதே!

சால்பூட்டமால் என்ன செய்கிறது?

நம் செல்களில் ரிசெப்டர் என்ற புரதங்கள் இருக்கின்றன. தமிழில் ஏற்பி. வாசலில் இருக்கும் காலிங் பெல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அழுத்தினால் உள்ளே வேலை நடக்கும், அழுத்தியவர் உள்ளே வரவே வேண்டாம். மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையில் பீட்டா-2 என்ற ஏற்பி இருக்கிறது. சால்பூட்டமால் இதைத்தான் அழுத்துகிறது. உடனே செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறு கூடி, இறுகிய தசை தளர்கிறது. சில நிமிடத்தில் நிம்மதி. நாலஞ்சு மணி நேரம் தாங்கும்.

அப்புறம் என்ன சிக்கல்? ஆஸ்துமாவின் வேர் தசையில் இல்லை, மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கிறது. தூசி, புகை, வைரஸ் எது பட்டாலும் உட்சுவர் செல்கள் டிஎஸ்எல்பி என்ற அபாய சிக்னலை வெளிவிடுகின்றன. அதைக் கேட்டு வரும் நோய் எதிர்ப்பு செல்கள் இன்டர்லூகின்-13 என்ற இன்னொரு சிக்னலைச் சுரக்கின்றன. அது திரும்பி வந்து உட்சுவர் செல்களில் உள்ள வேறொரு ஏற்பியை அழுத்துகிறது. விளைவு, சளி சுரக்கும் செல்கள் பெருகுகின்றன, காற்றுப் பாதை குறுகுகிறது. சால்பூட்டமால் இந்த பெல் பக்கமே போவதில்லை! வீட்டுக்குள் புகை என்று ஜன்னலைத் திறந்துவிடுகிறோம், உள்ளே தீ எரிந்துகொண்டே இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரே பெல்லை ஓயாமல் அழுத்தினால் செல்லும் சலித்துப் போகும். பீட்டா-அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஏற்பியை அடக்கி, செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். மருந்தின் பலன் குறையும். இந்த வகை ஏற்பிகளை ஆராய்ந்ததற்காகத்தான் ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா இருவருக்கும் 2012-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

அப்போ தீயை அணைப்பது எது?

இன்ஹேலரில் வரும் ஸ்டீராய்டு. பெயரைக் கேட்டாலே பலருக்குப் பயம். இதன் ஏற்பி செல்லின் வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. மருந்து உள்ளே போய் அதோடு சேர்ந்து, உட்கருவுக்குள் நுழைந்து, வீக்கத்தைத் தூண்டும் மரபணுக்களை அடக்குகிறது. கூடவே புதிய பீட்டா-2 ஏற்பிகளை உருவாக்கவும் சொல்கிறது. ஆனால் முழுப் பலன் தெரிய நாட்கள், சில நேரம் வாரங்கள் ஆகும். 'இது வேலை செய்யல' என்று பாதியில் நிறுத்துபவர்கள் நிறுத்துவது இந்த இடத்தில்தான்.

2019-ல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டு அமைப்பான ஜினா தன் பரிந்துரையையே மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்பூட்டமால் மாதிரியான மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது, ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் வேண்டும் என்றது. புடெசனைடு, ஃபார்மோடெரால் இரண்டும் சேர்ந்த இன்ஹேலர் இப்படிப்பட்டதுதான். 2025 உலக ஆஸ்துமா தினத்தின் கருப்பொருளும் 'இன்ஹேலர் சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்' என்பதே. உட்சுவர் சிக்னல்களையே மறிக்கும் டெசெபெலுமாப், டுபிலுமாப் ஊசிகளும் வந்துவிட்டன. கடும் ஆஸ்துமாவுக்கானவை, விலையோ சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது.

'இன்ஹேலர் ஸ்ட்ராங், மாத்திரைதான் சேஃப்' என்ற பேச்சுக்கும் ஒரு கணக்கு. ஒரு பஃப்பில் இருக்கும் சால்பூட்டமால் 100 மைக்ரோகிராம். 4 மில்லிகிராம் மாத்திரை ஒன்று 40 பஃப்புக்குச் சமம்! அதுவும் ரத்தம் வழியாக உடம்பு முழுக்கச் சுற்றும். கை நடுக்கம், படபடப்பு எல்லாம் சும்மா வருவதில்லை.

இதைப் படித்துவிட்டு கையில் இருக்கும் நீல இன்ஹேலரைத் தூக்கிப் போட வேண்டாம், திடீர் இழுப்புக்கு அது உயிர் காக்கும். ஆனால் 200 பஃப் கொண்ட இன்ஹேலர் வருஷத்துக்கு மூன்று அல்லது அதற்கு மேல் தீர்ந்தால் கடும் இழுப்பு வரும் ஆபத்து அதிகம், மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து கூடும் என்கிறது ஜினா. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, கடைசியாக எப்போது புது இன்ஹேலர் வாங்கினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.