கீழ்த்தட்டிலிருந்து தொடங்குங்கள்



கல்பாக்கம் நகரியத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். முதல் சம்பளம் வாங்கிய மகன், அம்மாவைச் சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலுக்கு மாலைத் தேநீருக்கு அழைத்துப் போனானாம். மூன்றடுக்குத் தட்டு வந்து நின்றதும் எதில் கை வைப்பது என்று தெரியாமல் மகனைப் பார்த்திருக்கிறார்; அவனுக்கும் தெரியவில்லை. “டீயோ வெந்நீர் மாதிரி இருந்தது. அந்தக் காசுக்கு வீட்டில் ஒரு மாதம் பஜ்ஜி போட்டிருப்பேன்” என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அம்மா, முதலில் அந்தத் தட்டு. கீழே சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் என்கிற பன் வகை, உச்சியில் கேக்கும் இனிப்பும். கீழிருந்து மேலே போவது வழக்கம். (நம் இலையில் இனிப்புதான் முதலில் என்பதால், நீங்கள் உச்சியில் தொடங்கியிருந்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.) ஸ்கோன் மேல் முதலில் தடவ வேண்டியது ஜாமா, க்ரீமா என்று இங்கிலாந்தில் கார்ன்வால்காரர்களும் டெவன்காரர்களும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் திகைத்ததில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்தது டீ. நாம் வீட்டில் போடுவது டஸ்ட் டீ. நீலகிரித் தேயிலையில் பெரும்பகுதி மெஷினில் நசுங்கி, குருணையும் தூளுமாகத்தான் வருகிறது. பாலோடு கொதிக்கவைத்தால் நிறமும் திடமும் சட்டென்று இறங்கும். ஓட்டலில் உங்களுக்குத் தந்தது முழு இலையாக இருக்கும். வெந்நீரில் மூன்று, நான்கு நிமிடம் ஊறவிட்டு, மணத்துக்காகக் குடிப்பது. பால் கேட்டால் தருவார்கள்; தாராளமாகக் கேளுங்கள்.

இந்த மாலைத் தேநீர் வழக்கம் எப்படி வந்தது? 1840 வாக்கில் இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவுக்கு, மதியச் சாப்பாட்டுக்கும் இரவு எட்டு மணி விருந்துக்கும் நடுவே பசித்ததாம். டீயும் ரொட்டியும் அறைக்கு வரவழைத்தவர், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார் என்பது அங்கே வழங்கும் கதை. நாலு மணிப் பசி நமக்குத் தெரியாததா? அந்த டீக்கும் உங்கள் ஊருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. ஐரோப்பாவுக்கு முதன்முதலில், 1610 வாக்கில், தேயிலை கொண்டுபோனது டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி. அதே கம்பெனியின் கோட்டைதான் உங்கள் நகரியத்துக்குப் பக்கத்திலேயே, சதுரங்கப்பட்டினத்தில் இடிந்து நிற்கிறது. இங்கிருந்து அவர்கள் கப்பலேற்றியது மஸ்லின் துணி.

மாலைத் தேநீர் நம் நாட்டிலும் வேர்விட்டிருக்கிறது. 1903-ல் திறந்த மும்பை தாஜ் ஓட்டலில் ‘சீ லவுஞ்ச்’ என்று ஒரு கூடம். அங்கே மாலைத் தேநீரோடு பேல்பூரியும் கிடைக்கும். கடலைப் பார்த்த அந்த மேசைகளில் தலைமுறை தலைமுறையாகப் பெண் பார்க்கும் படலமும் நடந்துவருகிறது. நம் பஜ்ஜி சொஜ்ஜிக்குச் சமமாக அங்கே சாண்ட்விச்!

உங்கள் பஜ்ஜிக் கணக்கைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஒரு மாத பஜ்ஜிக்கும் வாழைக்காய் சீவி, மாவு கரைத்து, வெயில் நேரத்தில் அடுப்படியில் நிற்கப்போவது நீங்கள்தானே? எல்லோருக்கும் தட்டு போன பிறகு ஆறிய டீயைக் குடிப்பதும் நீங்கள்தான். அன்றைக்கு நீங்கள் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வந்து ஊற்றினார். பில்லில் பாதி அதற்குத்தான். மகன் அதை யோசித்துத்தான் அழைத்துப் போயிருப்பான் என்று எனக்குப் படுகிறது. அவனிடமே கேட்டு எழுதுங்கள்.

மற்ற வாசகர்களும் எழுதலாம்: உங்கள் வீட்டில் நாலு மணி டீயைப் போடுவது யார்? ஆண்களிடமிருந்து வரும் கடிதங்களுக்கு முன்னுரிமை உண்டு. அதிகம் வராது என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்