பிரிச்சா பேலட்... சேர்த்தா ஷெல்ஃப்!

பாஸ், முதல்ல ஒரு கேள்வி. ஃபர்ஸ்ட் இயர் இன்ஜினீயரிங் பிராக்டிசஸ் லேப்ல கார்பென்ட்ரினு ஒரு ஐட்டம் வருமே, ஞாபகம் இருக்கா? ஒரு கட்டையில பாதி, இன்னொரு கட்டையில பாதி வெட்டி, ரெண்டையும் சொருகி 'டி லேப் ஜாயின்ட்'னு காட்டினோமே... அதேதான். ஜாயின்ட் போட்ட நேரத்தைவிட 'எய்ம், டூல்ஸ் ரெக்வயர்டு, புரொசீஜர், ரிசல்ட்'னு ரெக்கார்டு எழுதின நேரம்தான் அதிகம். எக்ஸ்டர்னல் வந்து கையெழுத்துப் போட்டார். அதோட தச்சுவேலைக்கு டாட்டா!

அந்த டாட்டாவை வாபஸ் வாங்க வைக்கிறதுதான் இந்த வாரத்து வேலை. ஆர்ட்ஸ், சயின்ஸ் மக்களும் ஓடிப்போக வேணாம். உங்களுக்கு ரெக்கார்டு பாவம் இல்ல, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஏன் இப்பனு கேட்டா, நம்ம ஏரியா அப்படி. மண்ணூர்ல நின்னு சுத்திப் பாருங்க. ஒரு பக்கம் இருங்காட்டுக்கோட்டை, 1998-ல ஹூண்டாய் சான்ட்ரோ வந்த இடம். இன்னொரு பக்கம் வல்லம், ஒரகடம்: 2010-ல ரெனோ-நிஸான், 2012-ல டெய்ம்லர் லாரி, 2013-ல ராயல் என்ஃபீல்டு. இந்த ஃபேக்டரிகளுக்கு வர்ற பார்ட்ஸ் எதுவும் நடந்து வர்றதில்ல. மரப் பேலட் மேல உக்காந்து, மரப்பெட்டிக்குள்ள படுத்து, கன்டெய்னர்ல ஜாலியா வருது. கார் வெளிநாடு போயிடுது. பேலட் நம்மகிட்டயே தங்கிடுது! அதுல ஒரு பங்கு ஸ்க்ராப் கான்ட்ராக்டர் கைக்குப் போய், ரோட்டோர பேக்கிங் மரக்கடையில அடுக்கடுக்கா நிக்குது.

இந்தப் பக்கம் நம்ம ரூமைப் பாருங்க. நாலு பேர், அஞ்சு பேர், ஒரு கொடிக்கயிறு, நாலு பாய். புக்ஸ் தரையில. பக்கெட் தண்ணி கவிழ்ந்தா அரியர் பேப்பரோட மெட்டீரியல் காலி. 'செவுத்துல ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது'ங்கிறது ஹவுஸ் ஓனரோட முதல் கட்டளை. அப்போ செவுத்தைத் தொடாம தானா நிக்கிற ஒரு புக் ஷெல்ஃப் வேணும். மரம் பக்கத்துலயே இருக்கு. கணக்கு சரியா வருதா?

கடைக்குப் போனா முதல்ல மரத்தைப் பார்க்காதீங்க, மரத்து மேல இருக்கிற முத்திரையைப் பாருங்க. எக்ஸ்போர்ட் பேலட்ல கோதுமைக் கதிர் மாதிரி ஒரு சின்னம் சூடு போட்டிருக்கும். பக்கத்துல நாட்டோட ரெண்டெழுத்துக் குறி, ஒரு நம்பர், அப்புறம் 'ஹெச்டி' இல்லேன்னா 'எம்பி'. இது 2002-ல வந்த ஐஎஸ்பிஎம் 15-ங்கிற சர்வதேச விதி. பேக்கிங் மரத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு பூச்சிகள் நாடு விட்டு நாடு போய், அங்கே இருக்கிற காட்டையே தின்ன ஆரம்பிச்சதால வந்தது. சீனா பக்கத்து நீளக்கொம்பு வண்டு ஒண்ணு 1996-ல நியூயார்க்ல மாட்டுச்சு. பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லாம மரப்பெட்டியில போன பார்ட்டி அது!

ஹெச்டின்னா, மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரி சூடு ஏறி, 30 நிமிஷம் விடாம நின்னிருக்குன்னு அர்த்தம். வெறும் சூடு, கெமிக்கல் இல்ல. எம்பின்னா மெத்தில் புரோமைடுங்கிற விஷவாயுப் புகை. ஹெச்டி எடுங்க, எம்பியை விடுங்க. ஆயில் கறை, கெமிக்கல் வாடை இருந்தா எந்த முத்திரையா இருந்தாலும் வேணாம். இன்னொண்ணு, சூடு காட்டினது அன்னிக்கு உள்ளே இருந்த பூச்சியைத்தான் கொல்லும். நாளைக்கு உங்க ரூம் கரையானுக்கு அது தடை இல்ல. அப்புறம், ஃபேக்டரி காம்பவுண்டு ஓரமா கிடக்கேன்னு சும்மா தூக்கிட்டு வராதீங்க. கிடக்கிற பேலட்டுக்கும் ஒரு ஓனர் உண்டு. கேட்டு வாங்குங்க.

இப்ப பிரிக்கிற படலம். ஐரோப்பாவுல 1961-ல இருந்து ஓடுற ஸ்டாண்டர்டு பேலட்ல 11 பலகை, 9 கட்டை, 78 ஆணி. அந்த 78-லதான் வில்லங்கமே. முறுக்கின ஆணியா இருக்கும், சுலபத்துல வராது. கடப்பாரை போட்டு நெம்பினா பலகைதான் பிளக்கும், ஆணி சிரிக்கும். பலகைக்கும் கட்டைக்கும் நடுவுல ஹாக்ஸா பிளேடை விட்டு ஆணியை அறுத்துடுங்க. தலை பலகையிலயே இருந்துட்டுப் போகட்டும், பார்க்க ஸ்டைலா இருக்கும். ஆனா ரம்பம், இழைப்புளி படுற இடத்துல ஒரு ஆணிகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஒரு காந்தத்தை மெதுவா தடவிப் பார்த்தா உள்ளே ஒளிஞ்சிருக்கிறது மாட்டிக்கும்.

டூல்ஸ்? பெரிய லிஸ்ட் எல்லாம் கிடையாது. ஒரு கைரம்பம், முக்கால் இஞ்ச் உளி, சுத்தியல், மூலைமட்டம், டேப், உப்புத்தாள், மர கோந்து. நாலு பேர் ஷேர் போட்டா தியேட்டர் செலவுக்குப் பக்கத்துல வரும். ஆங்கிள் கிரைண்டர்ல மரம் அறுக்கிற பல்லு பிளேடை மாட்டி, கார்டைக் கழட்டிட்டு சிலர் அறுக்கிறதைப் பார்த்திருப்பீங்க. தயவுசெஞ்சு வேணாம். பல்லு மரத்துல கடிச்சு எகிறினா மெஷின் உங்க பக்கம்தான் வரும். கைரம்பம் லேட்டாகும், விரல் பத்தும் பத்தாவே இருக்கும். மாஸ்க்கும் போடுங்க. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995-லயே புற்றுநோய்க் காரணி பட்டியல்ல சேர்த்தாச்சு.

கோடு போடுறதுல ஒரு சூட்சுமம். நாலு பலகையை ஒரே அளவுல அறுக்கணும்னா நாலு தடவை டேப் வைக்காதீங்க. ஒவ்வொரு தடவையும் ஒரு மில்லிமீட்டர் தப்பும், எல்லாத் தப்பும் கடைசியில ஒண்ணாக் கூடி உங்களைப் பார்த்து கும்மியடிக்கும். முதல் பலகையை ஒழுங்கா அறுத்து, அதையே மத்ததுக்கு அளவுகோலா வைங்க. எப்பவும் முதல் பலகைதான், ரெண்டாவதை வச்சு மூணாவதை அளந்தா மறுபடியும் கும்மி! ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு, அது தின்ற இடம் வேஸ்ட் பக்கமா இருக்கணும். கோட்டு மேலயே அறுத்தா பலகை குட்டையாகிடும்.

இனி நம்ம சிலபஸ். மேலே ஒண்ணு, கீழே ஒண்ணு, சைடுல ரெண்டுனு நாலு பலகையை மூலைக்கு ஒரு ஆணி அடிச்சு நிறுத்துங்க. தள்ளினா சாயும். ஏன்? கைனமாட்டிக்ஸ் பேப்பரை எடுங்க. நாலு லிங்க், நாலு ஜாயின்ட். மூணு இன்டு (நாலு மைனஸ் ஒண்ணு), மைனஸ் ரெண்டு இன்டு நாலு. விடை ஒண்ணு! நீங்க செஞ்சது ஷெல்ஃப் இல்ல சாமி, ஃபோர் பார் மெக்கானிசம். பின்னாடி குறுக்கே ஒரு பட்டையை மூலைக்கு மூலை அடிங்க. அஞ்சு லிங்க், ஆறு ஜாயின்ட், விடை ஜீரோ. இப்பதான் அது ஸ்ட்ரக்சர். அந்தப் பட்டையை அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு மூலைவிட்டத்தையும் கயிறால அளந்துக்கங்க. எதிரெதிர் பலகை அளவெடுத்தாப்ல இருந்து, மூலைவிட்டம் ரெண்டும் சமமா இருந்தா மூலை நாலும் தொண்ணூறு டிகிரி. எந்த ஆசாரியும் 'செவ்வகத்தின் பண்புகள்'னு அஞ்சு மார்க் பதில் எழுதிட்டு இதைச் செய்யறதில்ல.

பலகை தொய்யறதுக்கும் ஃபார்முலா உண்டு. முழுக்க புக் அடுக்கினா, தொய்வு நீளத்தோட நாலாவது அடுக்குல ஏறும். மூணு அடி ஷெல்ஃபை ரெண்டு அடியாக்கினா தொய்வு அஞ்சுல ஒரு பங்குதான். அதே நீளத்துல பலகையை ரெண்டு மடங்கு தடிமனாக்கினா எட்டுல ஒரு பங்கு. 'மெட்டீரியல் ஸ்ட்ரென்த் எதுக்கு சார் படிக்கிறோம்?'னு கேட்டவங்களுக்கு இதோ, ரெண்டு அடி நீளத்துல பதில். மரம் ஈரத்துல அகலவாக்குலதான் உப்பும், நார் ஓடுற நீளவாக்குல கிட்டத்தட்ட அசையாது. நம்ம ஐப்பசி மழைக்கு இது முக்கியம். பலகை பலகையா ஒட்டிச் சேர்க்கும்போது நடுவுல ஒரு காசு தடிமன் இடைவெளி விடுங்க.

இது எல்லாம் வீட்டுல சொன்னா என்ன நடக்கும்னு தெரியும். 'பி.இ. படிக்க அனுப்பினா உளி பிடிக்கிறானா?' இந்தக் கோபத்தைப் பழைய பஞ்சாங்கம்னு சிரிச்சுட்டுப் போக எனக்கு மனசு வரல. அதுக்குப் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. 1953-ல ராஜாஜி ஆட்சியில ஒரு தொடக்கக் கல்வித் திட்டம் வந்துச்சு. கிராமத்துப் பசங்களுக்கு ஒரு வேளை பள்ளிக்கூடம், மிச்ச வேளை வீட்டுல அப்பாவோட தொழில். ஆசாரி மகன் உளி, வண்ணார் மகன் துணி, கணக்கப்பிள்ளை மகன் பேனா. 'குலக்கல்வி'ன்னு பெரியார் எதிர்த்தார், மாநிலமே கொந்தளிச்சது. 1954-ல ராஜாஜி விலகினார், காமராஜர் வந்தார், திட்டம் போச்சு. அந்தப் போராட்டம் ஜெயிச்சதாலதான் நம்ம வீடுகள்ல முதல் பட்டதாரிகள் வந்தாங்க. ஆக, உங்கப்பா பயப்படுறது உளியைப் பார்த்து இல்ல. அது பிறப்போட ஒட்டிக்கிட்டு வந்துடுமோன்னுதான்.

இந்த வாதம் இன்னும் முடியல. 2023 செப்டம்பர்ல மத்திய அரசு தச்சர் உட்பட 18 தொழிலுக்கு விஸ்வகர்மா திட்டம் கொண்டு வந்தப்ப, குடும்பத் தொழிலா இருக்கணும்ங்கிற நிபந்தனையை எடுக்கச் சொல்லி தமிழ்நாடு அரசு கேட்டுச்சு. அப்புறம் பரம்பரை பார்க்காத தன்னோட கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரல்ல, இதோ இந்தப் பக்கம் குன்றத்தூர்ல தொடங்கி வச்சது. என் கட்சி சிம்பிள்: அப்பா செஞ்சார்ங்கிறதுக்காக யாரும் உளியைத் தொட வேணாம், அப்பா செய்யலங்கிறதுக்காக யாரும் தொடாம இருக்கவும் வேணாம். பொண்ணுங்களுக்கு இது டபுளா பொருந்தும். பரம்பரைக் கணக்குல அவங்களை யாரும் சேர்த்ததே இல்லையே!

வெளிநாட்டுலயும் இப்படிப் பேசினவங்க உண்டு. நெதர்லாந்து டிசைனர் ரீட்வெல்ட் 1934-ல பேக்கிங் பெட்டி மரத்துலயே நாற்காலி டிசைன் பண்ணினார். இத்தாலிக்காரர் என்ஸோ மாரி 1974-ல வெறும் பலகையும் ஆணியும் போதும்ங்கிற மாதிரி மேசை, நாற்காலி, கட்டில்னு வரைபடம் போட்டு, தபால் செலவு அனுப்பினவங்களுக்கெல்லாம் கொடுத்தார். செஞ்சு பார்த்தாதான் நல்ல பொருள் எது, டுபாக்கூர் எதுன்னு ஜனங்களுக்குப் புரியும்ங்கிறது அவர் ஐடியா.

சந்தேகம் வந்தா? பக்கத்துல வீடு கட்டுற சைட்ல கதவு, ஜன்னல் செய்யிற ஆசாரி அண்ணன் இருப்பார். டீ டைம்ல போங்க, டீ உங்க செலவு. 'அண்ணே, உளி எப்படித் தீட்டுறது?'ன்னு மட்டும் கேளுங்க. இதை முதல்ல கத்துக்கிட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி, மொண்ணை உளிதான் வழுக்கிக் கையைக் குத்தும். தரையில உக்காந்து, கால் விரலால கட்டையை அமுக்கிப் பிடிச்சு அவர் அறுக்கிற அழகையும் கவனிங்க. உங்களுக்கு ஒர்க்பெஞ்ச் வாங்குற காசு மிச்சம்.

ஷெல்ஃப் நின்னதும் உப்புத்தாள் 80 நம்பர்ல ஆரம்பிச்சு 120, அப்புறம் 220. நார் ஓடுற பக்கமாவே தேய்க்கணும், குறுக்கே தேய்ச்சா கீறல் பல்லைக் காட்டும். மேலே பூச ஷெல்லாக் போதும், நம்ம அரக்குதான், ஸ்பிரிட்ல கரைச்சது. துணியில தொட்டு மூணு கோட், சீக்கிரமே காஞ்சிடும். ஜன்னலைத் திறந்து வச்சுக்கங்க, பக்கத்துல யாரும் தம் பத்த வைக்காம பார்த்துக்கங்க. நாலு கால் அடியிலயும் பழைய ஹவாய் செருப்பை வெட்டி ஒட்டினா தரை ஈரம் மரத்துல ஏறாது.

(அடுத்த வாரம்: ஆடுற ஃபேன், ஒழுகுற குழாய். ஹவுஸ் ஓனரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி...)