மாத்திரை அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

மழை தொடங்கியதும் நம் குடும்பக் குழுவில் காய்ச்சலும் தொண்டை வலியும்தான் செய்தி. கூடவே ஒரு மாத்திரை அட்டையின் படம் வந்துவிடுகிறது. "இது வீட்ல இருக்கு, போடலாமா?" என்று ஒருவர் கேட்பார். ஐந்து நிமிடத்தில் பத்துப் பதில். "எங்க வீட்டுக்காரருக்கு இதுதான் கேட்டுச்சு." "மூணு நாள் போடுங்க சித்தி, பறந்துடும்." போன வாரம் அப்படி வந்த மூன்று படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றுமே ஆன்டிபயாடிக்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடலாமா என்று குழுவில் கேளுங்கள், தவறில்லை. ஆன்டிபயாடிக் போடலாமா என்று கேட்காதீர்கள், யாரும் சொல்லவும் வேண்டாம். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாள் என்ற மூன்றும் மருத்துவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. நான் மருத்துவர் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் நடத்தியவள். ஆனால் இந்த விஷயத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டிய அளவு மருத்துவப் படிப்பு இல்லாமலே புரியக்கூடியதுதான்.

பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு என்று வகுப்பில் படித்தது நினைவிருக்கும். பாக்டீரியா தனியாக வாழும் ஓர் உயிரணு. அதற்குச் சுவர் உண்டு, உள்ளே புரதம் தயாரிக்கும் ஏற்பாடு உண்டு. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கின்றன. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் போன்றவை புரதம் தயாரிப்பதை நிறுத்துகின்றன. வைரஸுக்கு அந்தச் சுவரும் கிடையாது, சொந்தமாகப் புரதம் தயாரிக்கும் ஏற்பாடும் கிடையாது. அதனால் சாதாரண சளி, ஃப்ளூ, டெங்கு, பெரும்பாலான தொண்டை வலி இவற்றில் ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இல்லை. "ஆனா எனக்குக் கேட்டுச்சே டீச்சர்" என்பீர்கள். சளி தானாகவே ஒரு வாரத்தில் போகும். மூன்றாம் நாள் மாத்திரை போட்டு ஐந்தாம் நாள் சரியானால் பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

"கேட்காவிட்டாலும் கெடுதல் இல்லையே" என்பது அடுத்த வாதம். கெடுதல் உண்டு. நம் குடலில் நமக்கு உதவியாகக் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. மருந்து அவற்றையும் சேர்த்துத்தான் கொல்லும். பலவீனமானவை செத்துப்போக, மருந்தைத் தாங்கக்கூடிய சில மிஞ்சும், பெருகும். அந்தத் தாங்கும் சக்தியை ஒரு வகை பாக்டீரியா இன்னொரு வகைக்குக் கொடுக்கவும் முடியும். இன்று தேவையில்லாமல் போட்ட மாத்திரைக்கான விலையை ஆறு மாதம் கழித்து உண்மையான தொற்று வரும்போது கொடுக்க நேரலாம்.

இது புதுக்கண்டுபிடிப்பு இல்லை. பென்சிலினை 1928இல் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே இதை எச்சரித்தார். ஒருநாள் பென்சிலின் கடைகளில் யாரும் வாங்கும் பொருளாகிவிடலாம், விவரம் தெரியாதவர் குறைந்த அளவில் எடுத்துக் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடுவார் என்பது அவர் சொன்னதன் சாரம். நம் ஊர்க் கடைவீதியில் ஒரு மாலை நின்று பார்த்தால் அந்த வார்த்தை பலித்திருப்பது தெரியும்.

காசநோய் இதற்கு இன்னொரு பாடம். ஸ்ட்ரெப்டோமைசின் வந்த புதிதில் அதைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகள் முதலில் தேறினார்கள். பிறகு பலருக்குக் கிருமி மருந்தைத் தாங்கப் பழகி, நோய் திரும்பியது. அதனால்தான் காசநோய்க்குப் பல மருந்துகளைச் சேர்த்து, மாதக்கணக்கில், ஒரு நாளும் விடாமல் கொடுக்கிறார்கள். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளை அவரவர் வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்தில் சேர்த்ததற்கு ஈடாகக் குணமாகிறது என்று 1959இல் உலகுக்கே காட்டியது. கூடவே அவர்கள் கண்ட சிக்கல், வீட்டுக்குப் போனதும் பலர் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை என்பது. பக்கத்தில் இருந்து விழுங்க வைக்கும் முறை வளர்ந்ததற்கு அங்கே நடந்த ஆய்வுகள் பெரிய காரணம்.

இப்போது நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அக்காவின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். சர்க்கரை உள்ளவர், வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஒவ்வொரு முறையும் பழைய சீட்டைக் கொடுத்தனுப்பிக் கடையில் நாலு மாத்திரை வாங்குவார். எரிச்சல் நின்றதும் மாத்திரையும் நின்றுவிடும். போன வருடம் குளிர் காய்ச்சலோடு மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. சிறுநீரைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது. வரிசையாக மருந்துகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓர் எழுத்து. 'எஸ்' என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். 'ஆர்' என்றால் அடங்காது. எத்தனையோ மதிப்பெண் பட்டியல் பார்த்த கண் இது. மேலிருந்து கீழே 'ஆர்', 'ஆர்', 'ஆர்' என்றே போயிற்று. அக்கா இத்தனை வருடம் வாங்கிப் போட்ட மாத்திரைகள் எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. வாயால் சாப்பிடும் மருந்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. கடைசியில் இருந்த சில ஊசி மருந்துகளுக்குத்தான் 'எஸ்'. பத்து நாள் நரம்பில் ஊசி ஏற்றிப் பிழைத்து வந்தார். செலவு இருக்கட்டும். அந்த ஊசிக்கும் 'ஆர்' வந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று மருத்துவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இந்தச் சேதம் அவரவர் உடம்போடு நிற்பதும் இல்லை. கண்மாய்த் தண்ணீரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரவர் நினைத்தபோது மடையைத் திறந்தால் முதலில் காய்வது கடைமடை வயல். ஆன்டிபயாடிக்கும் ஊருக்குப் பொதுவான கண்மாய் மாதிரிதான். இதில் கடைமடையில் இருப்பது குறைமாதத்தில் பிறந்த குழந்தை, புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருப்பவர். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது.

மருந்துக் கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவனிடம் இதைப் பேசினேன். "நான் தரலைன்னா பக்கத்துக் கடையில வாங்கிக்குவாங்க டீச்சர். எனக்குத்தான் ஆள் போகும்" என்றான். அவன் சொன்னதில் பொய் இல்லை. கடை வாடகை, வங்கிக் கடன் எல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் அவனுக்குச் சொன்னதையே இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. அட்டையில் மேலிருந்து கீழாக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்து என்பதற்கான அடையாளம். வீரியமான பல ஆன்டிபயாடிக்குகள் 'ஹெச் 1' பட்டியலில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் அவற்றை விற்றால் மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். "சீட்டு இல்லாமக் குடுத்தா என் லைசென்ஸ் போயிடும் அண்ணே" என்று சொல்லிப் பாருங்கள். கோபித்துக்கொண்டு போகிறவர் நாளை வேறு மருந்துக்கு உங்களிடமே வருவார். காய்ச்சல் என்று வந்தவுடன் ஒரு 'செட்' மாத்திரையைக் கத்தரித்துக் காகித உறையில் போட்டுத் தருவதையாவது நிறுத்துங்கள். கத்தரித்த துண்டில் பெயரும் இல்லை, காலாவதித் தேதியும் இல்லை. அலர்ஜி வந்தால் என்ன சாப்பிட்டோம் என்று மருத்துவரிடம் காட்டக்கூட வழியில்லை.

"டாக்டர்கிட்டப் போனா ஃபீஸ் வேற, ஒருநாள் கூலி வேற போகுது" என்பவர்களின் கஷ்டத்தை நான் சின்னதாக எண்ணவில்லை. அவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கே பார்ப்பதும் மருந்தும் இலவசம். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பைக் குறைக்கச் சொல்லி அரசிடம் கேட்பது நியாயமான கோரிக்கை. அதற்குக் கடை மாத்திரை மாற்று ஆகாது. நம் பக்கத்திலும் ஒரு பழக்கம் மாற வேண்டும். ஊசி போடாத டாக்டரை நாம் டாக்டராகவே மதிப்பதில்லை. "இது வைரஸ் காய்ச்சல், ஓய்வு எடுங்க, தண்ணீர் நிறையக் குடிங்க, இன்ன இன்ன அறிகுறி வந்தா உடனே வாங்க" என்று சொல்லி அனுப்புபவர்தான் நேரம் செலவழித்து யோசித்தவர். "பவரா ஏதாவது எழுதிக் குடுங்க" என்று அவரை வற்புறுத்தாதீர்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு ஆன்டிபயாடிக் என்றாலே பயந்து ஓடவும் வேண்டாம். அதுவும் நம் குடும்பத்தில் நடக்கிறது. "இங்கிலீஷ் மருந்து சூடு" என்று இரண்டு நாளில் நிறுத்திவிட்டுக் கஷாயத்துக்குத் தாவுகிறவர்கள் உண்டு. டைபாய்டு, நிமோனியா, எலிக்காய்ச்சல் இவற்றுக்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து. ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சல் நம் பக்கத்தில் நிறைய வருகிறது. புதரில் இருக்கும் சிறு பூச்சி கடித்து வருவது, கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போலக் கருப்புப் பொருக்கு தெரியலாம். நேரத்தோடு டாக்சிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலோர் இரண்டு மூன்று நாளில் தேறிவிடுவார்கள். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து. வேண்டியபோது வேண்டியதைத் தயங்காமல் எடுப்பதும் பாதுகாப்புதான்.

சரி, மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். இனி நம் பொறுப்பு. பெண்பிள்ளைகள் இந்தப் பகுதியை ஒரு காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டுங்கள். ஆண்பிள்ளைகள் அதைப் படியுங்கள்.

சீட்டு எழுதும் முன்பே நான்கு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். முன்பு எந்த மருந்துக்காவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்ததா? கர்ப்பமா, பாலூட்டுகிறீர்களா? சிறுநீரகக் கோளாறு உண்டா? தினமும் என்னென்ன மாத்திரை போடுகிறீர்கள்? முக்கியமாக ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, இதய மாத்திரை. அலர்ஜி உள்ள மருந்தின் பெயரை எழுதிப் பர்ஸில் வையுங்கள்.

மூன்று வேளை என்றால் ஏறக்குறைய எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. இரண்டு வேளை என்றால் பன்னிரண்டு மணி நேரம். மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்டு அட்டையில் எழுதுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் இரண்டையும் பால், இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, அல்சருக்குக் குடிக்கும் ஆன்டாசிட் இவற்றோடு சேர்த்து எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எத்தனை மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். டாக்சிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரை மணி நேரமாவது படுக்காமல் இருங்கள், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். சிப்ரோஃப்ளாக்சசின் போடும்போது குதிகால் நரம்பு வலித்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், வயதானவர்களுக்கு இது முக்கியம். மெட்ரோனிடசோல் எடுக்கும் நாட்களில் மது கூடாது. யாருக்குச் சொல்கிறேன் என்று அவர்களுக்கே தெரியும்.

குழந்தைகளுக்கான பொடி சிரப்பில் கொதித்து ஆறிய தண்ணீரைப் பாட்டிலில் உள்ள கோடு வரை ஊற்றிக் குலுக்குங்கள். ஒவ்வொரு வேளையும் குலுக்கி, கூட வந்த அளவு மூடியால் கொடுங்கள், வீட்டு ஸ்பூன் வேண்டாம். கலந்த மருந்து எத்தனை நாள் தாங்கும் என்பது லேபிளில் இருக்கும். மிச்சத்தை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

உடம்பு தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று நீங்களாக நீட்டவும் செய்யாதீர்கள். சில தொற்றுக்கு ஐந்து நாளே போதும், சிலவற்றுக்கு வாரக்கணக்கு வேண்டும். மருத்துவர் எழுதிய நாள்தான் கணக்கு. நிறுத்தத் தோன்றினால் போன் செய்து கேளுங்கள்.

லேசான வயிற்றுப்போக்கு வரலாம். ரத்தத்தோடு போனாலோ நிற்காமல் போனாலோ மருத்துவரிடம் போங்கள். உதடு, முகம் வீங்கினால், மூச்சுத் திணறினால் மருந்தை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள், யோசிக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்றைக்கே வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். பாதி தீர்ந்த ஆன்டிபயாடிக் அட்டை இருந்தால் தனியே எடுத்து வையுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். "யாருக்காவது உதவும்" என்று பத்திரப்படுத்தாதீர்கள். குழுவில் இனி மாத்திரை அட்டைப் படம் வந்தால் நான் சிவப்புக் கோட்டை வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். சிவப்பு மையால் திருத்தியே பழகிய கை.

மருத்துவத் துறையில் இருக்கும் பிள்ளைகள் இதில் சேர்க்க வேண்டியது இருந்தால் கீழே எழுதுங்கள். எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்