படி யாருக்குங்க? பாட்டிக்குத்தான்!

மழைக் கணக்கு, மஞ்சள் விலைன்னு எழுதிட்டு இருக்கிறவன் இந்த வாரம் வண்டிப் படியைப் பத்தி எழுத வந்திருக்கேன். இதுல என்ன இருக்குன்னு நெனைப்பீங்க. முழுசாப் படிச்சுட்டுச் சொல்லுங்க.

எங்க பக்கம் பர்கூர் மலையடிவாரம். சனி ஞாயிறு ஆனா டவுன்ல இருந்து தம்பிக பெரிய பெரிய பிக்கப் வண்டியில வருவாங்க. தடிச்ச டயரு, மேல நாலு லைட்டு, முன்னாடி கொம்பு. என் வண்டியும் பிக்கப்தான், டபுள் கேபின், பழசு. அதுல ரெண்டு பக்கமும் இரும்புப் படி அடிச்சு, அதுக்குக் கீழ ரப்பர் வாரில ஒரு படியைத் தொங்கவிட்டிருக்கேன். அதைப் பாத்து ஒரு தம்பி சிரிச்சுச்சு. "என்னங்கண்ணா, ஆஃப் ரோடு வண்டிக்கு பாட்டி படி போட்டு வெச்சிருக்கீங்க?"

ஆமாந் தம்பி, பாட்டிக்குத்தான். வேற யாருக்குப் போடறது? உங்களுக்கா? உங்களுக்குக் காலு இருக்கு, கம்பியப் புடிச்சுத் தாவிருவீங்க.

கணக்கா ஒண்ணு சொல்றனுங்க. வீட்டுப் படிக்கட்டு ஒண்ணு 6, 7 அங்குலம் இருக்கும். என் வண்டியில தரையில இருந்து கேபின் தரை 27 அங்குலம். அப்படின்னா வீட்டுல நாலு படியா ஏறுற உயரத்தை வண்டியில ஒரே எட்டுல ஏறணும். சேலை கட்டி, கையில தூக்குப்போசி, முட்டியில வலி, காலு பூரா சேறு. இதோட ஏறச் சொல்றோம். இறங்கறது இன்னும் மோசம். ஏறும்போது கண்ணுக்கு முன்னால கேபின் தெரியும். இறங்கும்போது சேலை மறைச்சுக்கும், கால் எங்க படுதுன்னே தெரியாது.

போன மஞ்சள் வெட்டு சமயத்துல பக்கத்துத் தோட்டத்து வண்டியில இருந்து ஒரு ஆத்தா இறங்குனாங்க. அறுபது வயசு இருக்கும். அந்த வண்டியில படி இல்லாம இல்லீங்க. பளபளன்னு உருண்டை எஸ்.எஸ். பைப் இருந்துச்சு. அதுல ஈரக்கால வெச்சாங்க, வழுக்குச்சு, கையை ஊணுனாங்க, மணிக்கட்டு ஒடஞ்சுது. மாவுக்கட்டு ஒண்ணரை மாசம். மஞ்சள் வெட்டு அதுக்குள்ள முடிஞ்சு போச்சு. அவுங்களுக்கு வருசத்துல நல்ல கூலி கெடைக்கிறதே அந்த ரெண்டு மாசந்தான். ஆபீசுல விழுந்தா லீவு உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. இங்க என்னங்க உண்டு? அந்தப் பைப்பை வித்தவரு அதைப் படின்னு சொல்லித்தான் வித்தாரு.

அதனாலதான் கேக்குறேன், இந்தப் படியெல்லாம் யாரைக் கேட்டு செய்யறாங்க?

டவுன்ல இருக்கிற நீங்க இதை நல்லாப் புரிஞ்சுக்குவீங்க. சென்னையில பஸ் படி உயரமா இருக்குது, மாற்றுத்திறனாளிக ஏற முடியலைன்னு கோர்ட்டு வரைக்கும் போயிப் போராடுனாங்க. 2024ல தாழ்தளப் பஸ்ஸு மறுபடி ஓட ஆரம்பிச்சுது. நல்ல காரியம், நானும் சந்தோசப்பட்டேன். மோட்டார் சைக்கிள்ல பின்னால உக்கார்றவங்க சேலை சக்கரத்துல மாட்டக்கூடாதுன்னு தடுப்பு வெக்கச் சொல்லி 1989ம் வருசத்து மத்திய மோட்டார் வாகன விதியிலேயே இருக்குது. சேலை கட்டுனவங்க வண்டியில போவாங்கன்னு அப்பவே நெனைச்சுப் பாத்திருக்காங்க. ஆனா ஒரு பிக்கப் வாங்கப் போனா படி எங்கன்னு கேக்கணும். "அது ஆக்சசரிங்க சார், தனி"ன்னு பதில் வருது. காட்டுக்காரன் வாங்குற வண்டி, அதுல ஏறப்போறது பொம்பளைங்களும் வயசானவங்களும்னு அவுங்களுக்குத் தெரியாதா? தெரியும். விளம்பரத்துல மட்டும் பாறை மேல ஏறி நிக்குது வண்டி. ஏறுற ஆளு எப்பவும் இருபத்தஞ்சு வயசுப் பையன்.

சரி, அந்தத் தம்பி சொன்னதுல நியாயமே இல்லையான்னா, இருக்குதுங்க. படி தொங்குனா கல்லு தட்டும். எங்க இட்டேரியில ரெண்டு பக்கமும் வெங்கச்சங்கல்லு துருத்திட்டு நிக்கும். படி வண்டியோட ஓரத்துல இருக்கிறதால அதுதான் முதல்ல அடி வாங்கும். வரப்பு ஏறி இறங்கறப்ப ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கிற வயிறு தட்டும், படி இருக்கிறதும் அங்கதான். இதை நான் இல்லைன்னு சொல்லல. ஆனா அதுக்குப் பதிலு படியே வேண்டாம்கிறது இல்லீங்க. படியை யோசிச்சுப் போடறதுதான் பதிலு. குடிக்கிற தண்ணியில தூசி விழுந்தா வடிகட்டுவோமா, குடிக்கறதையே விட்டுருவோமா?

முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பாறையில உரசுற மலைவண்டிக்கு சேஸிஸோட சேத்து ஒரு தடிச்ச இரும்புக்குழாய் போடுவாங்க, ஸ்லைடர்னு பேரு. வண்டி எடையையே அது தாங்கும், பாறை மேல உக்காந்து வழுக்கிப் போகும். அது வண்டியைக் காப்பாத்தறதுக்கு. மேல ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுல ஏறினா பாட்டிக்கு ஒரு புண்ணியமும் இல்லை. சைடு ஸ்டெப்பு மனுசனுக்கு. அது ஆளு எடையைத் தாங்குனாப் போதும், பாறையைத் தாங்காது. கடைக்காரங்க இதையும் அதையும் ஒண்ணுன்னு சொல்லி விப்பாங்க, நம்பாதீங்க.

நாங்க எப்படிப் போட்டோம்னு சொல்றேன். எங்க ஊரு வெல்டிங் பட்டறையில செஞ்சது.

அளக்கறது. ஏறுற உயரத்தை வண்டி காலியா இருக்கறப்ப அளக்கணும், ஏன்னா அப்பத்தான் வண்டி ஒசரமா நிக்கும். தரைக்கும் படிக்கும் உள்ள இடைவெளியைப் பாரம் ஏத்தி அளக்கணும். பட்டை ஸ்பிரிங் பாரத்துல அமுங்கும், படியும் சேந்து இறங்கும். ஷோரூம் டைல்ஸ் மேல நிக்கிற வண்டியில அளந்து பிரயோசனமே இல்லை. எனக்கு இரும்புப் படி 16 அங்குலத்துல வந்துச்சு. சேஸிஸ் அடிமட்டத்துக்குக் கீழ அது ரொம்ப இறங்கல.

அந்த 16 அங்குலமும் முட்டிவலிக்காரங்களுக்கு அதிகம். அதுக்குத்தான் கீழ ரப்பர் வாரில தொங்குற படி, 9 அங்குலத்துல. இது என் மூளையில உதிச்சதுன்னு நெனைச்சுராதீங்க. நெல்லு அறுக்க வர்ற மிசினு, பெரிய டிராக்டரு இதுகளைப் பாருங்க, சிலதுல அடிப்படி ரப்பர்ல இல்லாட்டி கம்பிக் கயித்துல தொங்கும். கல்லு தட்டுனா மடங்கிப் போகும், தாண்டுனதும் பழையபடி வந்துரும். கன்வேயர் பெல்ட் துண்டு பழைய சாமான் கடையில கெடைக்கும். காட்டுக்குள்ள போறப்ப கொக்கியில மாட்டி மேல தூக்கி விட்டுருவேன். படி போட்டா ஆஃப் ரோடு போகமுடியாதுன்னு சொன்ன தம்பிக்கு இதுதான் பதிலு.

மேல்பரப்பு. உருண்டைப் பைப்பு வேண்டவே வேண்டாமுங்க. அதுல பாதத்துக்கு ஒரு கோடு அளவுதான் பிடிமானம், ஈரமானா அதுவும் போச்சு. தட்டையா, 6 அங்குல அகலமாவது வேணும், முன்பாதம் முழுசா பதியணும். மூடுன செக்கர் பிளேட்டை விட ஓட்டை விட்ட தகடு நல்லது. சேறு கீழ விழுந்துரும். மூடுன தகட்டுல சேறு அப்பிக் காஞ்சு, அடுத்த மழைக்குச் சோப்பு மாதிரி ஆயிரும்.

மாட்டறது. இதுலதான் நெறையப் பேரு ஏமாத்தறாங்க. கதவுக்குக் கீழ இருக்கிறது மெல்லிசுத் தகடு. அதுல ஓட்டை போட்டு மாட்டுனா நாலு மாசத்துல வெடிக்கும், ஓட்டையில துரு ஏறும். படி சேஸிஸ்ல நிக்கணும். இன்னொண்ணு, பாடி ரப்பர் மேல உக்காந்திருக்கு, சேஸிஸ் ஒரு பக்கம் முறுக்குனா பாடி வேற மாதிரி ஆடும். ஒரு கால் சேஸிஸ்ல, ஒரு கால் பாடியிலன்னு மாட்டுனா நடுவுல இருக்கிற படி என்ன பண்ணும்? ஒடையும். டபுள் கேபினுக்கு ஒரு பக்கத்துக்கு மூணு பிராக்கெட்டு. ஆளு நிக்கிறது பிராக்கெட்டோட வெளி நுனியில, அதனால மேல ஒரு போல்ட்டு, கீழ ஒரு போல்ட்டுன்னு ரெண்டு மட்டத்துல புடிக்கணும். கம்பெனி விட்ட ஓட்டைகளையே பயன்படுத்துங்க. சேஸிஸ்ல புதுசா வெல்டிங் வெக்க விடாதீங்க, சூடு பட்ட எடம் பலம் குறையும். பிராக்கெட்டைத் தனியா வெல்டு பண்ணிட்டுக் கொண்டாந்து போல்ட்டுல மாட்டலாம். வண்டிப் பக்கத்துலயே வெச்சு வெல்டிங் பண்ணணும்னா பேட்டரி வயரைக் கழட்டிருங்க, டீசல் டேங்கும் பிரேக் பைப்பும் எந்தப் பக்கம் ஓடுதுன்னு குனிஞ்சு பாத்துக்குங்க. ஜாக்கி வெக்கிற எடத்தை மறைச்சுராதீங்க. ஒரு வாரம் ஓடுனதும் போல்ட்டை மறுபடி முறுக்குங்க.

கைப்பிடி. இதை எல்லாரும் மறந்துருவாங்க. படி பாதி, பிடி பாதி. கதவுத் தூண்ல பிடி இல்லீன்னா ஆளு எதைப் புடிப்பாங்க? ஆடுற கதவையோ ஸ்டீயரிங்கையோதான். பின் சீட்டு ஏறுற எடத்துல ரெண்டு பிடி வெச்சேன். படியை விட அதைத்தான் பொம்பளைங்க மெச்சுனாங்க.

எல்லாம் சேத்து, கடைக்காரரு அந்தப் பளபளப் பைப்புக்குக் கேட்டதுல பாதி கூட ஆகலீங்க.

உயரத்தை நான் முடிவு பண்ணலை. வேலைக்கு வர்றவங்கள்லயே முட்டி ரொம்ப மோசமா இருக்கிற ஆத்தாவைக் கூப்புட்டு, செங்கல்லு அடுக்கி, "எதுல ஏற சுளுவா இருக்குதுங்க?"ன்னு கேட்டேன். அவுங்க கால் வெச்ச கல்லு உயரந்தான் அந்த 9 அங்குலம். ஒரு கம்பெனிக்கு இத்தனை இஞ்சினியருங்க இருந்தும் இந்தக் கேள்வியைக் கேக்க முடியாதா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லோணும். படி ஏறி இறங்கத்தான். அதுல நின்னுட்டுப் போறது மோட்டார் வாகனச் சட்டம் 123வது பிரிவுப்படி தப்பு, ஓட்டறவர் மேலயும் தப்பு. எங்க ஊருப் பசங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன். அதே மாதிரி முன்னாடி மாட்டுற கொம்பு, அதை 2017லயே மத்திய அரசு கூடாதுன்னுருச்சு. ஆளு மேல பட்டா காயம் பெருசாகும்னுதான். ஆபத்தான கொம்பு கெத்தாம், ஆளைக் காப்பாத்துற படி கேவலமாம். என்ன ரசனைங்க இது?

டவுன்ல இருக்கிற உங்களை ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். அடுத்த முறை பெரிய வண்டி பாக்க ஷோரூமுக்குப் போறப்ப அம்மாவைக் கூட்டிட்டுப் போங்க. சேலையோட ஏறி இறங்கச் சொல்லுங்க. அவுங்க சிரமப்பட்டா விக்கிறவரைக் கேளுங்க, படி ஏன் வண்டியோட வரலைன்னு. நாங்க கேட்டா "ஆக்சசரி"ங்கறாங்க. நீங்க நாலு பேரு கேட்டீங்கன்னா வண்டியோடவே வரும்.

மஞ்சளுக்கு இந்த வாரம் கடைசித் தண்ணி கட்டணும். வெட்டு தை மாசம் ஆரம்பிக்கும். அந்த ஆத்தாவும் வர்றேன்னு சொல்லியிருக்காங்க, எங்க வண்டியில.