பாட்டின் மேல் ஆசையா, பெட்டியின் மேல் ஆசையா?

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். எங்கள் ஊர்களில் திருவிழா வரும் பின்னே, ஒலிபெருக்கியின் ஓசை வரும் முன்னே! கடலூர் மஞ்சக்குப்பத்திலும் சரி, சிதம்பரம் தேரோடும் வீதிகளிலும் சரி, பாட்டுச் சத்தம் கேளாத நாள் ஆண்டில் எத்தனை இருக்கும் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். பாட்டை விரும்பாதவர் உலகில் இல்லை. ஆனால் பாட்டைக் கேட்பதோடு நில்லாமல், அதைப் பாடும் பெட்டியின் மீதே உயிரை வைத்துவிடுகிற மனிதர்கள் சிலர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்களே, அவர்களுக்கு அந்த ஆசை முதன்முதலில் எப்படிப் பிறக்கிறது? இதுதான் எங்கள் கேள்வி.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 'ஒலியியல்' என்றொரு பாடம் உண்டு. அதைப் படித்து முடித்த வாரத்தில் தோழியர் சிலர் சேர்ந்து, அவரவர் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டு வருவது என்று முடிவு செய்தோம. "என்ன விலை, எந்தக் கம்பெனி" என்றுதான் பதில் வரும் என எதிர்பார்த்தோம். ஒருவர்கூட அப்படித் தொடங்கவில்லை.

எங்களில் ஒருத்தியின் பாட்டி சிதம்பரம் வடக்கு வீதியில் வளர்ந்தவர். அவருடைய மாமா வீட்டில் சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் பெட்டி இருந்ததாம். இசைத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். ஒரு பக்கம் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான் பாடும். பிறகு தட்டைத் திருப்ப வேண்டும், எஃகு ஊசியை மாற்ற வேண்டும், மறுபடி சாவி கொடுக்க வேண்டும். 1942இல் வெளிவந்த 'நந்தனார்' படத்தில் நடித்துப் பாடிய தண்டபாணி தேசிகரின் தட்டுகள் அந்த வீட்டில் இருந்தன. அந்தத் தேசிகரே பின்னாளில் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் பணியாற்றினார் என்பது ஊருக்குப் பெருமை. ஒருநாள் பாட்டின் நடுவில் சாவி தளர்ந்துவிட்டது. குரல் மெள்ள மெள்ளத் தாழ்ந்து இழுத்துக்கொண்டே போய் நின்றது. எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வயதுப் பெண்ணாக இருந்த பாட்டி மட்டும், பாடுகிறவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று அழுதாராம். "அன்றைக்குத்தான் அந்தப் பெட்டி என் மனசுக்குள் வந்தது" என்கிறார் அவர்.

எடிசன் 1877இல் ஒலிப்பதிவுக் கருவியைச் செய்தார். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி இசைத்தட்டுக்காகப் பாடினார். உலகம் வியந்த இந்தச் செய்திகளெல்லாம் வடக்கு வீதிச் சிறுமிக்கு வந்து சேர்ந்தது, அழ வைத்த ஒரு குரலாகத்தான். ஆகவே முதலில் வேண்டியது ஒரு குரல் என்று குறித்துக்கொண்டோம்.

அடுத்து, கடலூர்த் தாத்தாக்களின் கதை. அவர்கள் பேச்சில் அடிக்கடி வரும் பெயர் இலங்கை வானொலி. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களை விரும்பாதவர். அகில இந்திய வானொலியில் அப்பாடல்கள் அருகிப் போயின. நேயர்கள் சும்மா இருப்பார்களா? முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1957 அக்டோபர் 3ஆம் நாள் விவித் பாரதி தொடங்கிய பிறகும், கடலோர ஊர்களில் இலங்கை வானொலியின் மவுசு குறையவில்லை. மயில்வாகனன், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது ஆகிய அறிவிப்பாளர்களின் பெயர்களை, உறவினர் பெயர்களைச் சொல்வது போலச் சொல்கிறார்கள்.

அந்த வானொலிப் பெட்டியோ சாமானியமானதல்ல! உள்ளே கண்ணாடி வால்வுகள். விசையைப் போட்டதும் பாடாது; வால்வு சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். சில பெட்டிகளில் பச்சைக் கண் போல ஒரு விளக்கு எரியும். நிலையம் சரியாகப் பிடிபட்டால் அந்தக் கண் சுருங்கும். மொட்டை மாடியில் வலைப்பட்டை போன்ற ஏரியலை இரு கம்பங்களுக்கிடையே கட்ட வேண்டும். இத்தனைக்கும் மேலாக, அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அந்த உரிம முறை 1980களில்தான் ஒழிந்தது.

கடலில் காற்று மாறினால் பாட்டு தேய்ந்து போகும் என்பது தாத்தாக்களின் கணக்கு. ஒரு தோழியின் தாத்தா அப்போது பள்ளி மாணவர். "பாட்டின் இரண்டாவது சரணம் வரும்போதெல்லாம் இரைச்சல் வந்து விழுங்கிவிடும். அந்தச் சரணத்தைக் கேட்டே தீருவது என்று ஏரியலை ஒரு முழம் உயர்த்தினேன். பிறகு இன்னொரு முழம். மாடியிலிருந்து விழுந்ததுதான் மிச்சம்" என்று சிரிக்கிறார். கை எலும்பு முறிந்ததாம். ஆனால் ஆசை முறியவில்லை. பின்னர் மாலை வேளைகளில் வானொலி பழுது பார்க்கும் கடையில் உட்கார்ந்து, பற்றவைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். இதிலிருந்து நாங்கள் கண்டது: குரல் மட்டும் போதாது, அதில் ஒரு குறையும் வேண்டும். எல்லாம் நிறைவாகக் கேட்டிருந்தால் தாத்தா மாடியேறியிருக்க மாட்டார்.

எங்கள் தந்தையர் காலத்தில் ஆட்சி செய்தது ஒலிநாடா. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட், நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு நுழைந்தது 1980களில். வேண்டிய பாடல்களைத் தாளில் எழுதி, வெற்றுக் கேசட்டோடு பாடல் பதிவு செய்யும் கடையில் கொடுத்துவிட்டு, நாலு நாள் கழித்துப் போய் வாங்குவார்களாம். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்திற்கு முப்பது நிமிடம். எந்தப் பாட்டைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதற்கு வீட்டில் பெரிய சண்டையே நடக்கும். நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றுவது, ஹெட்டைப் பஞ்சால் துடைப்பது எல்லாம் அன்றைய பிள்ளைகளுக்குக் கைவந்த கலை.

அந்நாளில் இளையராஜாவின் இசை, கேட்பவர்களின் காதுகளைக் கூர்மையாக்கிவிட்டது. 1978இல் வந்த 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோ முறையில் பதிவானவை. இடப்பக்கம் ஒரு கருவி, வலப்பக்கம் ஒரு கருவி என்று பிரித்துக் கேட்கலாம் எனத் தெரிந்ததும், ஒரே ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தவர்களுக்குத் தூக்கம் போயிற்று. இரண்டாவது ஸ்பீக்கர் வாங்கினார்கள். ஆனால் மரப்பெட்டி செய்யப் பணம் ஏது? தண்ணீர்ப் பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தார்கள். பானை ஸ்பீக்கர் பிறந்தது!

இதைக் கேட்டு நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு பாடத்தோடு பொருத்திப் பார்த்தோம். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசையும்போது, முன்பக்கம் காற்று நெருங்கும், பின்பக்கம் தளரும். மறைப்பு ஏதும் இல்லாவிட்டால் இரண்டும் சுற்றி வந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; தாழ்ந்த ஒலிகள்தான் இதில் அதிகம் பாழாகும். பானை, பின்பக்க ஒலியை உள்ளேயே அடைத்துவிடுகிறது. அதனால்தான் மிருதங்கத்தின் தொப்பி அதிர்வது நெஞ்சில் தெரிகிறது. தேநீர்க்கடைக்காரருக்கு இந்த விளக்கம் தெரியாமல் இருந்திருக்கலாம். குறை தெரிந்தது, பானையும் கிடைத்தது. அவ்வளவுதான்.

இந்தக் குறையுணர்வு ஏழைக்கு மட்டும் உரியதன்று. அமர் போஸ் என்பவர் வங்காளத்திலிருந்து அமெரிக்கா சென்ற ஒரு விடுதலைப் போராட்ட வீரரின் மகன். சிறுவயதில் வயலின் கற்றவர். வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்து வீட்டுக்குச் சம்பாதித்தவர். 1956இல் எம்.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது உயர்ந்த ரக ஒலிக்கருவி ஒன்றை வாங்கினார். கணக்குப்படி அது சிறப்பாக ஒலித்திருக்க வேண்டும். ஆனால் அரங்கில் நேரில் கேட்ட வயலின் அதில் இல்லை. அந்த ஏமாற்றம் அவரை ஒலி ஆராய்ச்சியில் இறக்கியது. 1964இல் தம் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். மாடியேறிய கடலூர்த் தாத்தாவுக்கும் இவருக்கும் ஆசை பிறந்த விதத்தில் என்ன வேறுபாடு? எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இனி, இக்கட்டுரையை எழுத எங்களைத் தூண்டிய செய்திக்கு வருகிறோம்.

பதில்களைத் தொகுத்துப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. குரலைக் கேட்டு உருகியவர்களில் பாட்டிமார்களும் தாய்மார்களும் சரிபாதிக்கு மேல். குறையைக் கண்டவர்களும் அவர்கள்தாம். ஆனால் பெட்டியைத் திறந்தவர்கள், ஏரியல் கட்டியவர்கள், பானையைக் கவிழ்த்தவர்கள் எல்லோருமே ஆண்கள். ஏன்?

திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் ஒரு பாட்டி இதற்கு விடை சொன்னார். அவர் வீட்டில் வானொலி வாங்கியபோது அவருக்கு வயது இருபது. எந்த நேரத்தில் எந்த நிகழ்ச்சி என்பது அவருக்குத்தான் மனப்பாடம். வால்வு கெடப் போகிறது என்பதைக்கூட அதன் உறுமலைக் கேட்டே முன்கூட்டிச் சொல்லிவிடுவாராம். ஆனால் குமிழைத் திருகுவது தாத்தா மட்டும். தாத்தா வெளியூர் போனால் வானொலியும் வாய் மூடிக்கொள்ளும். "யாரும் தொடாதே என்று சொல்லவில்லை கண்ணு. தொடு என்றும் சொல்லவில்லை" என்றார் பாட்டி. அவர் முதன்முதலாகத் தம் கையால் அந்தக் குமிழைத் திருகியபோது வயது நாற்பத்தொன்று. தாத்தா இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு.

இதைக் கேட்டுவிட்டு வீதியில் நடந்தபோது நாங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவில்லை.

அது பழங்காலம் என்பீர்களா? எங்களில் ஒருத்தியின் வீட்டில் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்று பழுதாகிக் கிடந்தது. எட்டாம் வகுப்புப் படிக்கும் தம்பி திருப்புளியை எடுத்தபோது, "கெட்டிக்காரன், பார்த்துச் செய்" என்றார்கள். அக்காள் எடுத்தபோது, "கரண்ட் அடிக்கும், தள்ளிப் போ" என்றார்கள். மின்சாரம் ஆண் பெண் பார்த்தா அடிக்கிறது? இருவருக்குமே இணைப்பைப் பிடுங்கிவிட்டுத் தொடக் கற்றுத் தருவதல்லவா முறை?

பெற்றோர் சொல்லும் மறுப்புகளையும் நாங்கள் அறிவோம். இது பணத்தைத் தின்னும் ஆசை என்கிறார்கள், உண்மைதான். பாட்டை மறந்து பெட்டியின் விலையைப் பேசித் திரிகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரையே அலற வைப்பதுதான் நல்ல ஒலி என்று எண்ணுகிறவர்களும் இருக்கிறார்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொது இடங்களில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டில் விதியே வந்தது இவர்களால்தான். படிப்புக் கெடும் என்ற அச்சமும் நியாயமே. ஆனால் பழைய ஸ்பீக்கர் ஒன்றைத் திறந்து, உள்ளே காந்தமும் கம்பிச்சுருளும் இருப்பதைக் கண்ணால் பார்த்த பெண், அந்தப் பாடத்தை மறப்பாளா? அதற்குச் செலவு ஒரு ரூபாயும் இல்லையே!

கருவியை அறிந்த கை ஆபத்திலும் உதவும். 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் எங்கள் கரையைத் தாக்கியபோது நாங்கள் கைக்குழந்தைகள். பல நாள் மின்சாரம் இல்லை. எங்களில் ஒருத்தியின் தாய், பரணில் கிடந்த சிறு வானொலியின் துருப்பிடித்த பாட்டரி முனைகளைச் சுரண்டிச் சரி செய்தாராம். தெருவே அந்தத் திண்ணையில் கூடிச் செய்தி கேட்டதாம். அவருக்கு அதைக் கற்றுத் தந்தவர் அவருடைய தந்தை.

ஆகவே எங்கள் முடிவு இது. பெட்டியின் மேல் ஆசை, பாட்டின் மேல் கொண்ட ஆசையிலிருந்தே பிறக்கிறது. அதற்கு ஒரு குரல் வேண்டும், ஒரு குறை வேண்டும், மூன்றாவதாக "தொட்டுப் பார்" என்று சொல்லும் ஒரு கை வேண்டும். முதல் இரண்டும் எல்லோருக்கும் கிடைக்கின்றன. மூன்றாவதுதான் எங்களுக்குக் கிடைப்பதில்லை. வள்ளுவப் பெருந்தகை 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்பது மட்டும் எங்களுக்கு, திறப்பது தம்பிக்கு என்று அவர் எங்கும் பிரிக்கவில்லை.

எங்களுக்கு அந்தக் கை பள்ளியில் கிடைத்தது என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும். இவ்வாண்டு காலை வழிபாட்டுக்கான ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அருட்சகோதரி எங்கள் நால்வரிடம் ஒப்படைத்தார். முதல் நாள் அது 'ஊ' என்று ஊளையிட்டதில், முன்வரிசையில் நின்ற முதல் வகுப்புக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாங்கள் வெட்கத்தால் தலை குனிந்தோம். சகோதரி கோபிக்கவில்லை, "ஏன் என்று கண்டுபிடியுங்கள்" என்றார். ஸ்பீக்கரின் ஒலி மைக்கிற்குள் போய், பெரிதாகி வெளிவந்து, மறுபடி மைக்கிற்குள் போகிறது என்று மாலைக்குள் கண்டுகொண்டோம். மறுநாள் ஸ்பீக்கரை மைக்கிற்கு முன்னே தள்ளி வைத்தோம். ஊளை நின்றது.

பெற்றோரே! உங்கள் வீட்டுப் பரணில் பழைய வானொலியோ டேப் ரிக்கார்டரோ இருந்தால், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் உங்கள் மகளைக் கூப்பிடுங்கள். இணைப்பைப் பிடுங்கிவிட்டு, திருப்புளியை அவள் கையில் கொடுங்கள். அருகில் பாட்டி இருந்தால் அவரையும் உட்கார வையுங்கள். எந்த இடத்தில் உறுமுகிறது என்று அவருக்குத் தெரியும்.

- பத்தாம் வகுப்பு மாணவி, தோழியர் சார்பில்