வெந்தால் போதுமா?

அண்மையில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல் மன்றத்தில் நுண்ணுயிர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். கடையில் விற்கும் இறைச்சியிலும் மீனிலும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாக்கள் காணப்படுகின்றன என்று சொன்னதும் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், எங்கள் வீட்டில் கறியை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிடுகிறோம். வெந்தால் கிருமி செத்துவிடுமே! பிறகு எதற்குக் கவலை?" என்று கேட்டான். அவன் வீட்டில் கோழிப்பண்ணை இருக்கிறது என்பதைப் பின்னர் அறிந்தேன்.

கேள்வி நியாயமானதுதான். பெரியவர்கள் பலரும் இந்த விடையோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

சரியான பாதியை முதலில் ஒப்புக்கொள்வோம். மருந்தை எதிர்க்கும் பாக்டீரியா நெருப்பை எதிர்ப்பதில்லை. கொதிக்கும் குழம்பில் சாதாரண ஈ.கோலை பாக்டீரியாவும் சாகும். பல மருந்துகளுக்கும் அசையாத ஈ.கோலையும் சாகும். சால்மொனெல்லாவும் அப்படியே. ஆகவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு, இனிக் கோழியும் மீனும் வேண்டாம் என்று யாரும் அம்மாவிடம் அடம்பிடிக்கத் தேவையில்லை.

ஆனால், சட்டிக்குள் போகும் முன் அந்தக் கறி எங்கெல்லாம் போகிறது? கடைக்காரரின் கட்டை, கத்தி, தராசு, பிறகு நம் வீட்டுப் பாத்திரம், அரிவாள்மனை, கை. அதே அரிவாள்மனையில் அடுத்து வெள்ளரிக்காய் நறுக்கினால், அந்த வெள்ளரிக்காய் அடுப்பைப் பார்ப்பதே இல்லை. நேரே தயிர்ப் பச்சடிக்குப் போய்விடுகிறது. இப்படி உள்ளே போகும் பாக்டீரியா உடனே நோயை உண்டாக்க வேண்டும் என்பதில்லை. குடலில் சும்மா தங்கிவிடலாம். அங்கே அது செய்யும் ஒரு வேலைதான் என்னை அச்சுறுத்துகிறது. தன் எதிர்ப்பாற்றலை அக்கம்பக்கத்திலுள்ள வேறு பாக்டீரியாக்களுக்குக் கொடுத்துவிடுகிறது!

இதை முதலில் கண்டவர்கள் ஜப்பானிய அறிஞர்கள். 1950-களில் அந்நாட்டில் சீதபேதியை உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியாக்கள் சல்பா மருந்து, ஸ்ட்ரெப்டோமைசின், குளோரம்பெனிக்கால், டெட்ராசைக்ளின் ஆகிய நான்குக்கும் ஒருசேரக் கட்டுப்பட மறுத்தன. ஒரு பாக்டீரியா நான்கு மருந்துகளையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சந்தித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பழகியிருக்க முடியுமா? ஆராய்ந்தபோது உண்மை வெளிப்பட்டது. பாக்டீரியாவின் முதன்மையான மரபுப் பொருளைத் தவிர, பிளாஸ்மிட் எனப்படும் சிறு வளையங்களும் அதற்குள் உண்டு. எதிர்ப்பு ஜீன்கள் அந்த வளையத்தில் சாவிக்கொத்துபோலச் சேர்ந்து கிடந்தன. ஒரு பாக்டீரியா மற்றொன்றைத் தொட்டு, கொத்தை அப்படியே நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. இனம் வேறாக இருந்தாலும் கொடுக்கிறது. குடலில் வாழும் சாதுவான ஈ.கோலையிடமிருந்து நோய் தரும் ஷிகெல்லா இதைப் பெற முடியும்.

சரி, கோழிக் குடலிலுள்ள பாக்டீரியாவுக்கு இந்தச் சாவிக்கொத்து ஏன் தேவைப்பட்டது? இங்கே ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலார் மண்ணிலிருந்து எடுத்த நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஆரியோமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1948-இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் முதல் மருந்து அதுவே. அந்த ஆய்வுகளுக்குத் தலைமை வகித்தவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகத சுப்பாராவ். அதே கூடத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் என்ற இருவர், மருந்து தயாரித்தபின் மிஞ்சும் சக்கையில் வைட்டமின் பி12 கிடைக்குமே என்று கோழிக்குஞ்சுகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். வைட்டமினால் மட்டும் விளங்காத அளவுக்குக் குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. சக்கையில் ஒட்டியிருந்த சிறிதளவு மருந்தே காரணம்! 1951-லேயே தீவனத்தில் மருந்து கலக்க அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. டன் தீவனத்துக்குச் சில கிராம் போதும். நோயே இல்லாத கோழிக்கும் பன்றிக்கும் மருந்து தினசரி உணவாயிற்று.

குறைந்த அளவில் நெடுநாள் கொடுப்பது பாக்டீரியாவைக் கொல்லும் வழி அன்று, பழக்கும் வழி. பெனிசிலினைக் கண்டுபிடித்த பிளெமிங், 1945-இல் நோபெல் பரிசு பெற்றபோது ஆற்றிய உரையிலேயே அளவு குறைந்த மருந்தின் ஆபத்தைப் பற்றி எச்சரித்திருந்தார். பண்ணைகள் அதைக் கேட்கவில்லை.

இதன் விளைவை நேரில் காட்டியவர் டப்ட்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் லெவி. பாஸ்டன் நகருக்கு அருகில் ஒரு குடும்பப் பண்ணையில் அவர் ஏறக்குறைய 300 கோழிக்குஞ்சுகளைப் பிரித்து வைத்து, ஒரு பகுதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனமும் மற்றொரு பகுதிக்குச் சாதாரணத் தீவனமும் தந்தார். முடிவுகள் 1976-இல் வெளிவந்தன. மருந்துத் தீவனம் தின்ற கோழிகளின் ஈ.கோலை, ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் டெட்ராசைக்ளினுக்குக் கட்டுப்படாதவையாக மாறிவிட்டன. சில மாதங்களில் அந்தக் கோழிகள் கண்ணாலும் காணாத வேறு மருந்துகளுக்கும் எதிர்ப்புத் தோன்றியது. ஐந்தாறு மாதங்களில் அது மனிதர்களிடமும் வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வாரமும் பண்ணை வீட்டாரின் மலத்தைச் சோதித்தார்கள். 100-க்கு 31 மாதிரிகளில், ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலான பாக்டீரியாக்கள் டெட்ராசைக்ளினை எதிர்த்தன. அக்கம்பக்கத்தாரிடம் இது 100-க்கு 7 என்ற அளவில்தான் இருந்தது. பண்ணை வீட்டார் யாரும் மருந்து சாப்பிட்டு வந்த வினை அன்று இது. கோழிக்குப் போட்ட தீவனம் செய்த வேலை. அந்தத் தீவனத்தை நிறுத்திய ஆறு மாதத்தில் அவர்களில் பெரும்பாலோரிடம் இத்தகைய பாக்டீரியா காணாமல் போனது.

இந்த ஆய்வில் அடுப்புக்கு வேலையே இல்லை என்பதைக் கவனியுங்கள். எரு, தூசி, தண்ணீர், தொட்ட கை, மிதித்த செருப்பு என்று பாக்டீரியாவுக்குப் பல வழிகள். சைவ உணவு உண்பவர்கள் தமக்கு இதில் சம்பந்தமில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்; கோழி எரு போடாத காய்கறித் தோட்டம் எத்தனை?

கடல் உணவைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் இறாலில் குளோரம்பெனிக்கால், நைட்ரோபியூரான் எச்சம் இருக்கிறதா என்று கடுமையாகச் சோதிக்கிறார்கள். அது நல்லதே. ஆனால் மருந்தின் எச்சம் வேறு, மருந்தை வென்ற பாக்டீரியா வேறு. மருந்து கரைந்து மறைந்தபின்னும் அதற்குப் பழகிய பாக்டீரியா இருக்கலாம். கனடாவில் சாஸ்கட்டூன் நகரக் கடையொன்றில் வாங்கிய தென்கொரியக் கணவாயில், கார்பாபெனம் என்ற உயர்ந்த மருந்தையே சிதைக்கும் பாக்டீரியா இருந்ததாக 2014-இல் ஆய்வறிக்கை வெளிவந்தது. மருத்துவமனைகளில் மட்டுமே இதைத் தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஒரு வியப்பு.

கார்பாபெனமும் கைவிட்டால் மருத்துவர் எதை எடுப்பார்? கோலிஸ்டின் என்ற பழைய மருந்தை. சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது என்று ஒருகாலத்தில் மூலையில் ஒதுக்கி வைத்ததை, வேறு கதியில்லாமல் மீண்டும் கையில் எடுத்தார்கள். மருத்துவர் கடைசியாக நம்பும் அந்த மருந்தையே பண்ணைகளில் பன்றிக்கும் கோழிக்கும் எடை கூடத் தீவனத்தில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். சீன அறிவியலார் 2015-இல் வெளியிட்ட அறிக்கையில், கோலிஸ்டினை எதிர்க்கும் ஜீன் ஒன்று பிளாஸ்மிடிலேயே ஏறிக்கொண்டுவிட்டது தெரிந்தது. அதற்கு எம்சிஆர்-1 என்று பெயரிட்டார்கள். சோதித்த 523 பச்சை இறைச்சி மாதிரிகளில் 78-இல் அது இருந்தது. 1,322 நோயாளிகளில் 16 பேரிடமும் இருந்தது.

இதை மாற்ற முடியாது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சீனா 2017-இல் வளர்ச்சிக்காகக் கோலிஸ்டின் கலப்பதை நிறுத்தியது. அதற்கு முன் பன்றிகளில் 100-க்கு 34 என்றிருந்த கோலிஸ்டினை எதிர்க்கும் ஈ.கோலை, ஓரிரு ஆண்டுகளில் 5 அளவுக்கு இறங்கியது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கோலிஸ்டினைத் தடை செய்தது. வளர்ச்சிக்கென்று மருந்து கலப்பதைச் சுவீடன் 1986-லேயே விட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி முதல் நாளிலிருந்து அது கிடையாது. அதனால் அங்கே முட்டையும் இறைச்சியும் மறைந்துவிடவில்லை.

"மருந்து இல்லாவிட்டால் கோழி விலை ஏறும், ஏழைக்குப் புரதம் கிடைக்காது" என்று வாதிடுவோர் உண்டு. இந்த வாதத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். நம் பள்ளிச் சத்துணவில் முட்டை சேர்ந்தது எவ்வளவு பெரிய காரியம்! நோயுற்ற கோழிக்கு மருந்து தரக்கூடாது என்பதும் என் வாதம் அன்று. அதற்குக் கால்நடை மருத்துவர் இருக்கிறார். நான் எதிர்ப்பது, நெருக்கடியான கொட்டகைக்கும் அழுக்குத் தண்ணீருக்கும் ஈடாக நோயில்லாத கோழிக்கு மருந்தைப் போடுவதை. இடம் விட்டு வளர்ப்பது, தடுப்பூசி, சுத்தமான தண்ணீர் இவற்றுக்குச் செலவு ஆகும், உண்மைதான். அந்தச் செலவை மிச்சப்படுத்திவிட்டு, "வீட்டில் நன்றாக வேகவைத்துக்கொள்ளுங்கள்" என்று சமைப்பவர் தலையில் பொறுப்பைக் கட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

கூட்டம் முடிந்ததும் அந்த மாணவன் என்னிடம் வந்தான். தீவனத்தில் மருந்து இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டான். மூட்டை வாயில் தைத்திருக்கும் சீட்டைப் படித்துப் பார், தண்ணீரில் கலக்கும் மருந்துப் பொட்டலத்தில் என்ன பெயர் இருக்கிறது என்றும் பார், எந்த நோய்க்கு என்று மருத்துவரிடம் கேள் என்றேன்.

"மூட்டையைப் பிரித்ததும் அப்பா சீட்டைக் கிழித்துப் போட்டுவிடுவார் சார். இனி நான் எடுத்து வைக்கிறேன்" என்றான்.